சலவை இயந்திரத்தில் தண்ணீர் ஏறவில்லையா? வாளியோடு தொடங்குங்கள்

வெள்ளவத்தையில் நாங்கள் இருப்பது தொடர்மாடியின் மேல்தளம். ஒரு சனிக்கிழமை காலை, துணி போட்டு அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் சலவை இயந்திரம் பிழைக்குறியைக் காட்டியபடி நின்றுகொண்டிருந்தது. துணி சரியாக நனையக்கூட இல்லை. பார்க்க வந்த திருத்துநர் முன்பக்கப் பொத்தான்களை இரண்டு தடவை அழுத்தினார். பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் "போர்ட் போய்விட்டது" என்றார், அதாவது இயந்திரத்தை இயக்கும் மின்னணுப் பலகை. அவர் சொன்ன தொகை புதிய இயந்திரத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு, தண்ணீர் வரும் ஹோஸைக் கழற்றினேன். இயந்திரத்தின் வாயில் இருக்கும் சிறு வலை செம்மண் அப்பியதுபோல் அடைத்துக் கிடந்தது. முந்தின வாரம்தான் எங்கள் வீதியில் குழாய் வேலை நடந்து, இரண்டு நாள் கலங்கல் தண்ணீர் வந்திருந்தது. பழைய பற்தூரிகையால் வலையைத் தேய்த்துக் கழுவி மாட்டினேன். அந்த இயந்திரம் இன்றும் அதே போர்ட்டோடு ஓடுகிறது.

அதன் பிறகு உறவினர், அயலவர் வீடுகளில் இதே முறைப்பாட்டுக்காகப் பல இயந்திரங்களைத் திறந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் கோளாறு தண்ணீர் வரும் வழியில்தான் இருந்தது. ஆகவே இங்கே சொல்லும் வரிசையை மாற்ற வேண்டாம். முதலில் தண்ணீர், அடுத்து வலை, அதற்கும் பிறகுதான் மின்சாரம்.

எதையும் கழற்றுமுன் இரண்டு காரியங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து முழுதாகக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இங்கே வீட்டு மின்சாரம் 230 வோல்ட், நீங்கள் நிற்பதோ ஈரத்தரையில். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது என்ற தைரியத்தில் உள்ளே கை வைக்காதீர்கள். உத்தரவாதக் காலம் முடியாத இயந்திரமானால் வெளிப்புறச் சோதனைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திருகாணியைக் கழற்றினால் உத்தரவாதம் போய்விடக்கூடும்.

முறைப்பாடு என்ன என்பதைச் சரியாகச் சொல்லுங்கள்

"தண்ணீர் சரியாக ஏறவில்லை" என்ற ஒரே வாக்கியத்துக்குள் நான்கு வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஒரு சொட்டும் வராமல் இருப்பது ஒன்று. நூல்போல் வந்து, குறித்த நேரத்துக்குள் நிரம்பாமல் இயந்திரம் நின்றுவிடுவது இன்னொன்று. ஏறிய தண்ணீர் ஏறியபடியே வெளியேறிக்கொண்டிருப்பது மூன்றாவது. கொஞ்சம் ஏறியதும் போதும் என்று நினைத்து இயந்திரம் துணியைக் கசக்கத் தொடங்கிவிடுவது நான்காவது. இவற்றில் எது என்று ஐந்து நிமிடம் அருகில் நின்று பாருங்கள்.

பிழைக்குறி இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்ஜி இயந்திரங்களில் ஐ.ஈ., சாம்சங்கில் 4ஈ அல்லது 4சி, பானசோனிக்கில் யூ14 ஆகியவை தண்ணீர் வரவில்லை அல்லது போதவில்லை என்பதையே சொல்கின்றன. எந்தப் பாகம் பழுது என்பதை அவை சொல்வதில்லை. குறித்த நேரத்தில் தண்ணீர் குறித்த மட்டத்தை எட்டவில்லை என்பது மட்டுமே இயந்திரத்துக்குத் தெரியும்.

இங்கே ஒரு தவறான பயத்தையும் நீக்கிவிடுகிறேன். முன்பக்கம் வட்டக் கதவு உள்ள ஃப்ரொன்ட் லோட் இயந்திரங்கள் மிகக் குறைந்த தண்ணீரிலேயே துவைக்கும். துணி நனைந்து, கண்ணாடியின் அடியில் தண்ணீர் தெரியாமல் இருந்தால் அது கோளாறன்று. பல வருடம் டொப் லோட் பாவித்துவிட்டு இதற்கு மாறியவர்கள் முதல் வாரத்திலேயே கலங்கிப்போகிறார்கள். டொப் லோட்டிலும், உலர்ந்த துணியின் பாரத்தைப் பார்த்துத்தான் நீர்மட்டம் தானாகத் தீர்மானிக்கப்படுகிறது. ஊறவைத்த துணியை அப்படியே போட்டால் அந்தக் கணக்குப் பிசகும். அப்போது நீர்மட்டத்தை நீங்களே தெரிவுசெய்துவிடுங்கள்.

வாளிச் சோதனை

இயந்திரத்துக்குப் போகும் குழாயை மூடி, ஹோஸைக் கழற்றி, குழாயின் கீழ் பத்து லீற்றர் வாளியை வையுங்கள். குழாயை முழுதாகத் திறந்து நேரத்தைப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தால் தண்ணீரில் குறையில்லை. இரண்டு நிமிடம் எடுத்தால் இயந்திரம் திண்டாடும். அதற்கும் மேல் போனால் திருத்துநரைக் கூப்பிட வேண்டியதில்லை, தண்ணீரைக் கவனிக்க வேண்டும். பிறகு ஹோஸைக் குழாயில் மாட்டி, அதன் மறுமுனையை வாளிக்குள் விட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அடைப்பு ஹோஸில். குறுகலான பல்கனியில் இயந்திரத்தைச் சுவரோடு தள்ளி வைக்கும்போது ஹோஸ் மடிந்து நசுங்குவது எங்கள் வீடுகளில் சாதாரணம். பின்னால் நான்கு விரல் இடைவெளியாவது விடுங்கள்.

குழாயிலேயே தண்ணீர் மெலிந்திருந்தால் கூரையைப் பார்க்க வேண்டும். தண்ணீர் பத்து மீற்றர் உயரத்தில் நின்றால் அடியில் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். பல ஃப்ரொன்ட் லோட் இயந்திரங்களின் கையேடு குறைந்தது 0.5 பார் கேட்கிறது. சில கையேடுகளில் அதுவே 0.05 மெகா பாஸ்கல் என்று இருக்கும். அதாவது தண்ணீர்த் தாங்கி இயந்திரத்தைவிட ஐந்து மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். மேல்தளத்தில் இருப்பவரின் தலைக்கு மேல் இரண்டு மீற்றரில் தாங்கி இருந்தால் அவருக்குக் கிடைப்பது 0.2 பார் மட்டுமே. தாங்கிக்கு மிக அருகில் இருப்பவர் நாம், ஆனால் மிக மெலிந்த தண்ணீரும் நமக்குத்தான். கீழ்த்தளத்தில் ஒழுங்காக ஓடிய இயந்திரம், வீடு மாறி மேல்தளத்துக்கு வந்ததும் பிழைக்குறி காட்டுவதன் காரணம் இதுதான்.

தாங்கியில் நீர்மட்டம் ஒரு மீற்றர் இறங்கினால் மேலும் 0.1 பார் குறையும். காலையில் ஓடிய இயந்திரம் மாலையில், எல்லோரும் குளிக்கும் நேரத்தில் நின்றுவிட்டால், நேரத்தைக் குறித்து வையுங்கள். மூன்று நாள் அதே நேரத்தில் நின்றால் பழுது இயந்திரத்தில் இல்லை.

தாங்கியின் அடியிலிருக்கும் வால்வையும் பாருங்கள். பழைய பித்தளை கேட் வால்வுகளில் கைப்பிடி சுழலும், உள்ளேயுள்ள தகடு மட்டும் தண்டிலிருந்து கழன்று பாதி வழியை அடைத்து நிற்கும். வெளியே இருந்து பார்த்தால் வால்வு முழுதாகத் திறந்திருப்பதுபோலவே இருக்கும். ஒரு தடவை இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் சென்றது.

உயரம்தான் குறை என்றால், தாங்கியின் மேடையை ஒரு மீற்றர் உயர்த்துவதால் கிடைப்பது 0.1 பார்தான். செலவுக்கு அது ஈடாகாது. தாங்கியிலிருந்து வரும் குழாயில் சிறிய பிரஷர் பம்ப் பொருத்துவதே பலன் தரும். வீதிக் குழாயோடு பம்பை நேரடியாக இணைக்காதீர்கள்; அது அயலவரின் தண்ணீரை உறிஞ்சும், குழாயின் வெடிப்புகள் வழியே அழுக்கையும் உள்ளே இழுக்கும். பம்ப் வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: தண்ணீர் ஓடத் தொடங்கியதும் தானாக இயங்கும் வகையானால், அது இயங்க எவ்வளவு ஓட்டம் வேண்டும்? மெலிந்த ஓட்டத்தில் பம்பின் சுவிட்ச் விழித்துக்கொள்ளாமலே இருந்துவிடுவதுண்டு.

தாங்கி இல்லாமல் நேர்க்குழாயில் ஓடும் வீடுகளில் இரவு வரை பொறுத்திருந்து ஒரு தடவை போட்டுப் பாருங்கள். பாவனை குறையும் நேரத்தில் அழுத்தம் ஏறும். வீதி முழுவதும் தண்ணீர் மெலிந்திருந்தால், நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் 1939 என்ற இலக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வலை

குழாயை மூடுங்கள். ஹோஸை இயந்திரத்தின் பக்கம் கழற்றுங்கள். உள்ளே ஒரு கோப்பைத் தண்ணீர் இருக்கும், துணியொன்றை விரித்து வையுங்கள். வாய்க்குள் பார்த்தால் பிளாஸ்டிக் வலை தெரியும். அதன் நடுவிலுள்ள சிறு மேட்டைக் குறட்டால் மெதுவாகப் பிடித்து நேராக இழுங்கள். முறுக்கினால் உடையும். ஹோஸின் குழாய்ப்பக்க முனையிலும் வோஷரோடு சேர்ந்த இன்னொரு வலை இருக்கலாம். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

வலையில் என்ன அடைத்திருக்கிறது என்பதைக் கழுவுமுன் பாருங்கள், அது நிறையச் சொல்லும். கொழும்புக்குக் களனி ஆற்றிலிருந்து அம்பத்தலையிலும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் சுத்திகரித்து வரும் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணற்று நீர்போல் வெள்ளைப் படிவை அது விடுவதில்லை. ஆகவே இங்கே வலையில் இருப்பது மணல், பழைய இரும்புக் குழாயின் துரு, தாங்கியின் பாசி, குழாய் பொருத்தியபோது மரையில் சுற்றிய வெள்ளை டேப்பின் துணுக்குகள் ஆகியவைதான். துருவும் மணலும் திடீரென வந்திருந்தால் வீதியில் குழாய் வேலை நடந்திருக்கும். பச்சைப் பாசி என்றால் தாங்கியின் மூடி சரியாக மூடவில்லை, வெளிச்சம் விழுகிறது. டேப் துணுக்கு என்றால் ஹோஸ் மாட்டியவரின் வேலை. ஹோஸின் முனைக்கு டேப் தேவையே இல்லை. அங்கே தண்ணீரைத் தடுப்பது வோஷர், மரையன்று.

மணலும் துருவும் தூரிகைக்குப் போய்விடும். யாழ்ப்பாணத்தில் இருந்தோ கிணற்று நீர் உள்ள வேறிடத்தில் இருந்தோ கொண்டுவந்த இயந்திரமானால், வெள்ளைப் படிவை வினாகிரியில் அல்லது தேசிக்காய்ச் சாற்றில் அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்க்கலாம். வலை கிழிந்திருந்தால் புதிது வாங்கி மாட்டுங்கள். வலையே இல்லாமல் இயந்திரத்தை ஓட்டிவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். உள்ளே போகும் ஒரு மணல் பருக்கை, இயந்திரத்துக்குள் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வின் ரப்பரில் சிக்கினால் வால்வு மூடாது. நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் தண்ணீர் நிரம்பி வழிந்து, கீழ்வீட்டாரின் கூரைத்தட்டுக்கு இறங்கும்.

திரும்ப மாட்டும்போது கையால் இறுக்கி, குறட்டால் கால் சுற்றுக்கு மேல் போகாமல் நிறுத்துங்கள். உலர்ந்த டிஷ்யூத் தாளை இணைப்பைச் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். ஒரு துளி கசிந்தாலும் தாள் காட்டிவிடும்.

தண்ணீர் நன்றாக வருகிறது, வலையும் சுத்தம், ஆனாலும் சவர்க்காரத்தூள் பெட்டியில் அப்படியே கிடக்கிறது என்றால், அந்த இழுப்பறையை வெளியே எடுத்து, அதற்கு மேலேயுள்ள துவாரங்களைப் பாருங்கள். எங்கள் ஈரக்காற்றில் தூள் கட்டியாகி, கறுப்புப் பூஞ்சையும் சேர்ந்து துவாரங்களை அடைத்துவிடும். வெந்நீரும் தூரிகையும் போதும்.

இரண்டு வாய் உள்ள இயந்திரங்கள்

பின்னால் சுடுநீருக்கும் குளிர்நீருக்கும் தனித்தனி வாய் இருந்தால், கொழும்பில் அநேகமாகக் குளிர்நீர் வாய்க்கு மட்டுமே ஹோஸ் மாட்டியிருப்பார்கள். யாராவது தெரியாமல் சுடுநீர்ச் சலவையைத் தெரிவுசெய்தால் இயந்திரம் சுடுநீர் வால்வைத் திறந்துவிட்டு, வராத தண்ணீருக்காகக் காத்திருந்து பிழைக்குறி காட்டும். தெரிவைக் குளிர்நீருக்கு மாற்றுங்கள். அல்லது ஒரு குழாயிலிருந்து இரண்டாகப் பிரியும் இணைப்பை வாங்கி இரண்டு வாய்க்கும் தண்ணீர் கொடுங்கள்.

காதால் கேளுங்கள்

இதுவரை ஒன்றும் பிடிபடவில்லை என்றால் எல்லாவற்றையும் பழையபடி மாட்டி, குளிர்நீர், முழு நீர்மட்டம் என்று தெரிவுசெய்து இயக்குங்கள். வீட்டில் வானொலி, மின்விசிறியை நிறுத்திவிட்டு முதல் ஒரு நிமிடம் ஹோஸ் மாட்டியிருக்கும் மூலையருகே காது கொடுங்கள்.

மெல்லிய ரீங்காரம் கேட்கிறது, தண்ணீர் வரவில்லை என்றால் வால்வுக்கு மின்சாரம் போகிறது. அழுத்தம் போதவில்லை அல்லது வால்வின் உள்ளேயுள்ள ரப்பர்ச் சவ்வின் நுண்துளை அடைத்திருக்கிறது. அந்தச் சவ்வைத் தூக்குவதும் அமர்த்துவதும் தண்ணீரின் அழுத்தமே. வால்விலுள்ள மின்காந்தச் சுருள் திறப்பது ஒரு சிறு துளையை மட்டும்தான். மேல்தளங்களில் மெலிந்த அழுத்தம் உள்ள வீடுகளில் சில வால்வுகள் சரியாகத் திறக்காததோடு சரியாக மூடாமலும் போவது இதனால்தான்.

ரீங்காரமே இல்லை என்றால், கதவைப் பாருங்கள். ஃப்ரொன்ட் லோட் இயந்திரம் கதவு பூட்டிய "டிக்" ஒலிக்குப் பிறகுதான் தண்ணீரை அழைக்கும். சில நொடிகளில் அந்த ஒலி வரவில்லையென்றால், கொக்கியில் நூல் சிக்கியிருக்கலாம், கதவு ரப்பரில் துணி நுனி அகப்பட்டிருக்கலாம், பூட்டே பழுதாகியிருக்கலாம். டிக் ஒலி வந்தும் ரீங்காரம் இல்லை என்றால்தான் மூடியைத் திறக்க வேண்டும்.

வால்வு

பிளக் கழன்றிருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். மேல்மூடியை அல்லது பின்தகட்டைக் கழற்றினால் ஹோஸ் வாய்க்கு நேர் பின்னால் வால்வு இருக்கும். எதையும் தொடுமுன் கைபேசியில் வயர்களின் நிறமும் இடமும் தெரியப் படம் எடுத்துவிடுங்கள்.

கடலுக்கு அருகில் இருப்பவர்கள் முதலில் முனைகளைப் பாருங்கள். மரைன் டிரைவ் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்று உலோக முனைகளில் பச்சைப் பொடியாகப் படிவதை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன். வயர் முனையைக் கழற்றி, சுரண்டிச் சுத்தமாக்கி, இறுக்கமாக மாட்டினாலே சில இயந்திரங்கள் எழுந்துவிடும். பிறகு வயர்களைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து ஒவ்வொரு சுருளையும் அளந்து பாருங்கள். 220 முதல் 240 வோல்ட் வால்வுகளின் சுருள் பொதுவாக மூன்று முதல் ஐந்து கிலோ ஓம் வரை காட்டும். ஒரே வால்வில் இரண்டு மூன்று சுருள் இருந்தால் ஒன்றோடொன்றை ஒப்பிடுங்கள். ஒன்று 4 கிலோ ஓமும் மற்றது முடிவிலியும் காட்டினால் இரண்டாவது செத்துவிட்டது.

வால்வை மாற்றுவது கடினமில்லை. வழக்கமாக இரண்டு திருகாணி, சில வயர் முனை, உட்புற ரப்பர்க் குழாயின் கிளிப், அவ்வளவுதான். சரியான வால்வை வாங்குவதே கடினம். பழையதைக் கையிலேயே கொண்டு போங்கள். வெளிவாய்கள் எத்தனை, அவை நேராகவா பக்கவாட்டிலா, வோல்ட் எவ்வளவு, திருகாணித் துளைகளின் இடைவெளி எவ்வளவு என்று எல்லாம் பொருந்த வேண்டும். ஹோஸ், வோஷர், முக்கால் அங்குல இணைப்பு போன்றவற்றுக்குப் பழைய சோனகத் தெருவின் இரும்புக்கடைகள் நல்லவை.

நீர்மட்ட உணரி

கொஞ்சம் ஏறியதும் இயந்திரம் கசக்கத் தொடங்கினால், அல்லது வெறும் தொட்டியை நிரம்பியதாக நினைத்து வால்வைத் திறக்காமலே இருந்தால், தொட்டியின் அடியிலிருந்து மேலே போகும் மெல்லிய குழாயைத் தேடுங்கள். தண்ணீர் ஏறும்போது அதிலுள்ள காற்று அழுந்துகிறது. மேல்முனையிலுள்ள உணரி அந்த அழுத்தத்தை நீர்மட்டமாகப் படிக்கிறது. சவர்க்காரச் சேறும் துணி நாரும் அடியை அடைத்துவிட்டால் பழைய காற்று வெளியேறாமல் உள்ளேயே நிற்கும். குழாயை உணரியிலிருந்து கழற்றி, தொட்டிப் பக்கமாக மெதுவாக ஊதுங்கள். வழி திறந்ததும் எதிர்ப்பு விலகும். உணரிக்குள் பலமாக ஊதாதீர்கள்.

இதற்கு நேர்மாறாக, அந்தக் குழாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் நிற்காமல் ஏறும். அடிப்பக்கம் திறந்திருக்கும் டொப் லோட் இயந்திரங்களுக்குள் எலி புகுந்து இதைக் கடித்துவிடுகிறது. ஓட்டை முனைக்கு அருகில் இருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு மாட்டலாம். நடுவில் என்றால் புதுக்குழாய்தான். நிற்காமல் ஏறும்போது பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் தண்ணீர் வந்தால் குற்றவாளி வால்வு.

ஏறியபடி வெளியேறும் தண்ணீர்

நிரம்பும்போது கழிவு ஹோஸின் முனையைப் பாருங்கள். அப்போது அதில் தண்ணீர் ஓடக் கூடாது. பம்ப் மூலம் வெளியேற்றும் இயந்திரத்தில் ஹோஸ் தரையில் கிடந்தால் தண்ணீர் தானாகவே உறிஞ்சி இறங்கிவிடும். முனையைத் தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீற்றர் உயரத்தில் கொளுவி, கழிவுக் குழாயின் வாயைச் சுற்றிக் காற்றுப் போக இடம் விடுங்கள்; டேப் சுற்றி அடைத்துவிடாதீர்கள். ஹோஸ் தரையோடு போகும்படியே செய்த டொப் லோட் வகைகளில் அடிப்பக்கக் கழிவு வால்வு இருக்கும். அதில் சட்டைப் பொத்தான், நாணயம், கொண்டை ஊசி ஏதாவது சிக்கி அது முழுதாக மூடாமல் இருக்கும்.

போர்ட்

தண்ணீர் போதுமானது, வலை சுத்தம், கதவு பூட்டுகிறது, சுருள்கள் சரியான ஓம் காட்டுகின்றன, உணரிக் குழாய் திறந்திருக்கிறது, வயர்கள் அறுபடவில்லை. இத்தனைக்கும் பிறகும் வால்வு பேசாமல் இருந்தால் போர்ட்டைச் சந்தேகிக்கலாம். அதை உறுதிசெய்ய, இயந்திரம் தண்ணீர் அழைக்கும் நேரத்தில் வால்வு முனைகளில் 230 வோல்ட் வருகிறதா என்று அளக்க வேண்டும். மின்சாரம் ஓடும்போது செய்யும் இந்த அளவீட்டைப் பயிற்சி பெற்றவரிடமே விடுங்கள். அவர் அளக்கும்போது அருகில் நின்று எண்ணைப் பாருங்கள். 230 வந்தும் வால்வு திறக்கவில்லை என்றால் மாற்ற வேண்டியது வால்வு. போர்ட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஒன்றும் வரவில்லை என்றால் விலை பேசலாம், பழைய போர்ட்டைத் திருப்பித் தரும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள்.